அப்பாவின் ஃபியட்டும் அறுபது லட்சம் லோனும்

போன மாதம் நாலாவது சனிக்கிழமை. பேங்க் லீவு. காலையில் பேப்பரும் காபியுமாக உட்கார்ந்திருந்தேன். வாசலில் சத்தமே இல்லாமல் ஒரு கார் வந்து நின்றது. சத்தமே இல்லாமல் என்பதை அழுத்திப் படிக்கவும். தங்கமணிதான் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "ஏங்க, யாரோ மினிஸ்டர் வந்திருக்காரு போல" என்றாள்.

மினிஸ்டர் இல்லை. என்னோடு லால்குடியில் ஒன்றாகப் படித்தவன். பெங்களூரில் பெரிய கம்பெனியில் பெரிய வேலை. புது ஜெர்மன் செடான் வாங்கி ஆறு மாதமாகிறது. மனைவி, இரண்டு பிள்ளைகளோடு மைசூர் போகிற வழியில் என்னைப் பார்க்க வந்திருந்தான். "வா மாப்ள, ஒரு ரவுண்டு போவோம்" என்றான்.

அதே நேரத்தில் ஊரிலிருந்து தம்பி போன். "அண்ணே, ஃபியட்டை என்னண்ணே செய்யறது? பழைய இரும்புக்காரர் மறுபடி வந்து கேக்குறாரு. நீ ஒரு முடிவைச் சொல்லு."

ஒரு காதில் ஜெர்மன் செடான், இன்னொரு காதில் அப்பாவின் 1974 மாடல் ஃபியட். அன்றைக்கு முழுக்க இந்த இரண்டு கார்களும் என் தலைக்குள் ஓடின. அதைத்தான் எழுதுகிறேன். பி.காம். படித்தவன் எழுதுவது, கொஞ்சம் கணக்குப் புத்தகம் வாசனை அடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு மாற்றலாகி வந்து இரண்டரை வருடமாகிறது. எங்கள் பக்கத்துக்காரனுக்கு இது அந்நிய ஊர் மாதிரியே இருக்காது. இங்கே இருப்பவர் ஆதிரங்கன், எங்கள் ஸ்ரீரங்கத்தில் படுத்திருப்பவர் அந்த்யரங்கன். இங்கே தீவைச் சுற்றிக்கொண்டு போகிற காவிரிதான் மேட்டூரில் நின்று, முக்கொம்பில் பிரிந்து, எங்கள் ஊர்ப் பக்கம் கொள்ளிடமாக வருகிறது. பேச்சுதான் வேறு. அதையும் இந்த இரண்டரை வருடத்தில் என் பிள்ளைகள் என்னைவிட நன்றாகப் பேசுகிறார்கள்.

விருந்தாளி வந்தால் கோயில், தரியா தவுலத், கும்பஸ், சங்கமம் என்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவது இங்கே வழக்கம். இப்போது அந்தப் பட்டியலில் ஒன்று கூடியிருக்கிறது. பெங்களூர் மைசூர் ரோட்டில் 2023-ல் திறந்த கார் மியூசியம். தர்மஸ்தலத்தின் தர்மாதிகாரி வீரேந்திர ஹெக்கடே பல வருடமாகச் சேர்த்த பழைய வண்டிகள். பெயர் 'பயண'. நம்ம பயணம்தான், கன்னடத்தில் 'ம்' இல்லை. (கோயம்புத்தூர் பக்கம் இருப்பவர்கள் அவிநாசி ரோட்டில் 2015-ல் திறந்த ஜி.டி. கார் மியூசியத்தைப் பார்த்திருப்பீர்கள். அதே ஜாதி.)

மியூசியத்துக்குப் போகிற வழியில் ஒரு சம்பவம். சர்வீஸ் ரோட்டில் ஒரு பையன் சைக்கிளோடு திடீரென்று குறுக்கே வந்துவிட்டான். நண்பன் என்னிடம் பேசிக்கொண்டிருந்தான். அவன் கால் பிரேக்குக்குப் போவதற்கு முன்னாலேயே வண்டி தானாகவே டக்கென்று நின்றது. பெல்ட் நெஞ்சைப் பிடித்து இழுத்தது. பையன் ஒன்றும் நடக்காதது போலத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு நிமிடம் பேச்சே வரவில்லை. முன்னால் இருக்கிற ராடாரும் கேமராவும் பார்த்து, கம்ப்யூட்டர் முடிவு செய்து, பிரேக் போட்டிருக்கிறது. அந்தப் பையனின் அம்மாவுக்கு இது தெரியவே போவதில்லை. அந்த ஒரு நொடிக்கு எத்தனை லட்சம் கொடுத்தாலும் தகும் என்று அப்போது தோன்றியது உண்மை.

மியூசியத்தில் என் சின்னவன் கயிறுக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு பழைய வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுல ஸ்க்ரீன் எங்கே?" என்று கேட்டான். நண்பனின் மகள், "ஏசி வென்ட் எங்கே?" என்றாள். நான் என்ன தேடினேன் தெரியுமா? சீட் பெல்ட். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

*

முதலில் என் தொழில். கணக்கு.

கார் என்பது தேய்மானச் சொத்து. பிளஸ் டூ அக்கவுண்டன்சியில் நேர்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை என்று படித்திருப்பீர்கள். இன்சூரன்ஸ்காரர்கள் இதை இன்னும் சுலபமாக வைத்திருக்கிறார்கள். புது வண்டி ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம் கழிவு. ஒரு வருடத்துக்குள் 15. இரண்டு வருடத்துக்குள் 20. மூன்றுக்குள் 30, நாலுக்குள் 40, ஐந்துக்குள் 50. ஐந்தாவது வருடம் அந்தக் காரை இன்சூரன்ஸ் பாதி விலையாகத்தான் பார்க்கும். எட்டு லட்ச ரூபாய் காரில் பாதி போனால் நாலு லட்சம். எண்பது லட்ச ரூபாய் காரில் பாதி போனால் நாற்பது லட்சம். சதவீதம் ஒன்றுதான், வலி ஒன்றில்லை.

நண்பன் அறுபது லட்சம் லோன் எடுத்திருக்கிறான். (எங்கள் பேங்கில் இல்லை.) ஏழு வருடம், ஒன்பது சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் சுமார் 96,500 ரூபாய் ஈ.எம்.ஐ. மொத்த வட்டி மட்டும் 21 லட்சம். மூன்று வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் 38 லட்சத்துக்கு மேல் பாக்கி நிற்கும். நடுவில் வேலை போனால்? கம்பெனிகள் ஆட்களை எப்படி வீட்டுக்கு அனுப்புகின்றன என்று பெங்களூரில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நிலைமையில் வந்து என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். காரைத் திருப்பி எடுத்து ஏலம் விட்டால், பல சமயம் அது பாக்கியைக்கூட மூடாது.

இப்போது ஃபியட். 1988-ல் அப்பா ஒரு டாக்டரிடமிருந்து செகண்ட் ஹேண்டாக வாங்கினார். முழு ரொக்கம். அரிசி மண்டியில் பதினைந்து வருடம் சேர்த்த பணம். ஈ.எம்.ஐ கிடையாது, ஹைப்பாதிகேஷன் கிடையாது, ஆர்.சி.யில் அப்பா பெயர் மட்டும். கணக்கில் அது தேய்ந்து எப்போதோ பூஜ்யமாகிவிட்டது.

"அப்படின்னா பழைய வண்டிதான் புத்திசாலித்தனம்" என்கிறீர்களா? இருங்கள். கிளாசிக் கார் முதலீடு, வைத்திருந்தால் விலை ஏறும் என்று சொல்கிறவர்கள் பாதிக் கணக்கைத்தான் சொல்கிறார்கள். ஃபியட்டின் அடித்தகடு துருப்பிடித்திருக்கிறது. டிங்கர் வேலை, பெயிண்ட், அப்ஹோல்ஸ்டரி, இன்ஜின் வேலை என்று தம்பி வாங்கிய எஸ்டிமேட் மூன்றரை லட்சம். அதைப் போட்டால் அதே விலைக்குத் திரும்ப விற்குமா என்றால் யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். எந்த பேங்கிலும் அதை ஈடாகக் கொண்டு வந்து வைத்தால் மேனேஜர் சிரித்துவிட்டு காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். கணக்குப்படி பார்த்தால் இரண்டுமே நஷ்டம்தான்.

*

சரி, கணக்கை மூடிவிட்டு பானெட்டைத் திறப்போம். இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுற்றியே ஆக வேண்டும்.

ஃபியட் 1100, பிறகு பிரீமியர் பிரசிடெண்ட், பிறகு பிரீமியர் பத்மினி. பெயர் எதுவானாலும் ஊரில் எல்லோருக்கும் அது ஃபியட்தான். 1089 சிசி, 40 குதிரைத் திறன். கியர் லீவர் ஸ்டீரிங்குக்குப் பக்கத்தில். முன்னால் முழு பெஞ்ச் சீட்டு, மூன்று பேர் உட்காரலாம், நெருக்கினால் ஒரு பொடியனையும் சேர்க்கலாம். நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். குளிர்காலக் காலையில் சோக்கை இழுத்து வைத்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

வெயில் காலத்தில் அந்த வண்டிக்கு ஒரு வியாதி வரும். இன்ஜின் சூட்டில் பெட்ரோல் பம்பிலேயே ஆவியாகி, கார்ப்பரேட்டருக்கு எண்ணெய் போகாது. நடு ரோட்டில் நின்றுவிடும். அப்பா பதற மாட்டார். இறங்கி, தோளில் இருக்கும் துண்டை குடிதண்ணீரில் நனைத்து, பம்பின் மேல் சுற்றிவிட்டு, வேப்ப மர நிழலில் ஒரு வெற்றிலை போடுவார். கால் மணி நேரத்தில் வண்டி கிளம்பிவிடும். பாயிண்ட் கரிந்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பார். ஃபேன் பெல்ட் டிக்கியில் எப்போதும் ஒன்று உபரியாக இருக்கும். அந்த வண்டியில் அப்பாவுக்குத் தெரியாத ரகசியம் ஒன்றும் இல்லை. அவர் படித்தது எட்டாம் வகுப்பு.

இப்போது அன்று ராத்திரி கதை. நண்பன் மைசூர் பார்த்துவிட்டு ஏழரை மணிக்குப் பெங்களூர் கிளம்பினான். ஒன்பது மணிக்கு போன். மத்தூர் பக்கம் எக்ஸ்பிரஸ்வேயில் நிற்கிறானாம். ஸ்க்ரீனில் மஞ்சளாக ஒரு எச்சரிக்கை, வண்டி நாற்பதுக்கு மேல் போக மாட்டேன் என்கிறது, பிறகு அதுவும் இல்லை. 118 கிலோமீட்டர் நீளம், 2023 மார்ச்சில் திறந்த ரோடு. டூவீலர், ஆட்டோ, டிராக்டருக்கெல்லாம் அந்த மெயின் ரோட்டில் 2023 ஆகஸ்ட் முதல் அனுமதியில்லை. அதனால் ஒரு மெக்கானிக் டிவிஎஸ்-50-ல் ஸ்பேனரோடு வந்து உதவுவார் என்ற பேச்சே இல்லை. அப்படியே வந்திருந்தாலும் என்ன செய்வார்? பானெட்டைத் திறந்தால் கறுப்பு பிளாஸ்டிக் மூடி. கம்பெனியின் கம்ப்யூட்டரைச் சொருகினால்தான் என்ன நோய் என்றே தெரியும்.

நான் என் சின்ன காரை எடுத்துக்கொண்டு போய், அவன் குடும்பத்தை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். படுக்கை லாரி வந்து வண்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது மணி ஒன்று. காரணம் ஏதோ ஒரு சென்சார் என்று மூன்று நாள் கழித்துச் சொன்னார்களாம். கம்பெனி பெயர் வேண்டாம், எல்லாக் கம்பெனி வண்டியிலும் நடக்கக்கூடியதுதான்.

காலையில் ஒரு பையனின் உயிரைக் காப்பாற்றிய அதே கம்ப்யூட்டர், ராத்திரி இரண்டு குழந்தைகளை நடு ரோட்டில் நிறுத்திவிட்டது. இரண்டும் ஒரே காரின் இரண்டு முகம். புது கார்களைத் திட்டுகிறவர்கள் காலையை மறந்துவிடுகிறார்கள். புகழ்கிறவர்கள் ராத்திரியை மறந்துவிடுகிறார்கள்.

இதற்கு ஒரு நியாயமான கோரிக்கை இருக்கிறது. பொருளை வாங்கியவனுக்கு அதைப் பழுது பார்க்கும் உரிமையும் வேண்டும் என்பது. மத்திய நுகர்வோர் துறை 2022-ல் இதற்காக ஒரு இணையதளம் தொடங்கியது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு சாதனங்களோடு வாகனங்களும் அதில் சேர்த்தி. இன்னும் பல தூரம் போக வேண்டும். எண்பது லட்சம் கொடுத்தவனுக்குத் தன் வண்டிக்கு என்ன நோய் என்று தெரிந்துகொள்ளக்கூட உரிமை இல்லை என்றால், அவன் முதலாளியா வாடகைக்காரனா?

*

இப்போது சீட் பெல்ட் விஷயம். இதை எழுதத்தான் இத்தனை சுற்று.

1993. சமயபுரம் போய்விட்டு வருகிறோம். அப்பா ஓட்டுகிறார். முன் சீட்டில் அம்மா, அம்மா மடியில் தம்பி, அவனுக்கு நாலு வயது. பின்னால் நானும் அக்காவும். கன்றுக்குட்டி ஒன்று குறுக்கே துள்ளியது. அப்பா ஒடித்தார். மதகுச் சுவரில் மோதி நின்றது. நாற்பது கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது.

வண்டிக்கு பம்பர் வளைந்தது, ஒரு ஹெட்லைட் போனது. அவ்வளவுதான். அம்மா தம்பியை அணைத்துக்கொண்டு குனிந்திருக்கிறாள். அவள் நெற்றி டேஷ்போர்டின் இரும்பில் மோதியது. ஏழு தையல். இன்றைக்கும் பொட்டுக்கு மேலே கோடு இருக்கிறது. தம்பிக்கு ஒரு கீறல் இல்லை.

அப்பா சாகிற வரை சொல்லிக்கொண்டிருந்தார். "வண்டி கெட்டி. அந்தக் கால இரும்பு. அதனாலதான் தப்பிச்சோம். இப்ப வர்ற வண்டியெல்லாம் அப்பளம்." நானும் முப்பது வயது வரை அதை நம்பினேன். உங்களில் பலரும் இன்றும் நம்புவீர்கள்.

2009-ல் அமெரிக்காவில் சாலைப் பாதுகாப்புக்கான இன்சூரன்ஸ் ஆய்வு நிறுவனம் ஒரு சோதனை செய்தது. 1959 மாடல் செவ்ரலே பெல் ஏர், 2009 மாடல் செவ்ரலே மாலிபு. இரண்டையும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். பெல் ஏர் கப்பல் மாதிரி வண்டி, பார்த்தால் புதியதைத் தின்றுவிடும் போலிருக்கும். நடந்தது வேறு. பெல் ஏரின் டிரைவர் உட்காரும் இடமே நசுங்கி, ஸ்டீரிங் பொம்மையின் மேல் வந்து ஏறியது. நிஜ ஆள் இருந்தால் பிழைத்திருக்க மாட்டார். மாலிபுவின் முன்பக்கம் அப்பளமாக நொறுங்கியது, டிரைவர் இருக்கும் கூடு அப்படியே நின்றது. காலில் அடி, அவ்வளவுதான்.

அப்பளமாக நொறுங்குவதுதான் சூட்சுமம். மோதலின் வேகத்தை எதாவது ஒன்று வாங்கித்தான் ஆக வேண்டும். இரும்பு வாங்காவிட்டால் உடம்பு வாங்கும். எங்கள் ஃபியட் வளையவில்லை, அதனால் அம்மாவின் நெற்றி வாங்கியது. அப்பா அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தார்.

இதில் ஒரு வேடிக்கை. அதே 1959-ல்தான் வோல்வோ, நில்ஸ் போலின் வடிவமைத்த மூன்று முனை சீட் பெல்ட்டைக் கொண்டு வந்தது. அந்த உரிமையை மற்ற கம்பெனிகளும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுக்கொடுத்தது. அதே 1959-ல்தான் மெர்சிடஸ், பேலா பாரெனி கண்டுபிடித்த நொறுங்கும் முன்பகுதியை விற்பனைக் காரில் வைத்தது. அறிவு எப்போதோ வந்துவிட்டது. நம் ஊர் மதகுக்கு வந்து சேரத்தான் தாமதம். இந்தியாவில் டிரைவருக்கு ஏர்பேக் கட்டாயம் என்று ஆனதே 2019 ஜூலையில்.

ஆகவே மக்களே, பழைய காரைக் கொண்டாடுங்கள். ஆனால் அதில் குழந்தையை முன்னால் உட்கார வைத்து ஹைவேயில் ஓட்டாதீர்கள். "அந்தக் காலத்துல நாங்க எல்லாம்" என்று ஆரம்பிக்காதீர்கள். அந்தக் காலத்தில் பிழைத்தவர்கள்தான் இன்று பேசுகிறோம்.

*

"அப்போ நான் வாங்கினது சரிதானே மாப்ள?" என்றான் நண்பன், அன்று ராத்திரி எங்கள் வீட்டு ஹாலில் பாய் போட்டுக்கொண்டே.

அதுவும் முழுக்க இல்லை. சொகுசு வேறு, பாதுகாப்பு வேறு. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மும்பைக்கு வெளியே விபத்தில் இறந்தார். வந்தது விலையுயர்ந்த ஜெர்மன் வண்டி. அவர் பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தார் என்று போலீஸ் சொன்னது. இப்போது இந்தியாவில் விற்கிற ஜெர்மன் செடான்களை நீளம் கூட்டி விற்கிறார்கள். ஏனென்றால் முதலாளி பின்னால் கால் நீட்டி உட்கார்வார். அந்தச் சொகுசில் பெல்ட்டைத் தேடுகிறவர்கள் எத்தனை பேர்? அன்று காலை என் நண்பனின் குழந்தைகள் இருவரும் பின் சீட்டில் பெல்ட் இல்லாமல்தான் வந்தார்கள். ராத்திரி என் சின்ன காரில் நாலு பேரையும் பெல்ட் போட வைத்த பிறகுதான் நான் கிளம்பினேன். (குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்வது ஏர்பேக் உள்ள வண்டியில் இன்னும் ஆபத்து. ஏர்பேக் வெடிக்கிற வேகத்தைக் குழந்தை தாங்காது.)

அந்தப் பாதுகாப்பு இப்போது எண்பது லட்சத்துக்குள் மட்டும் பூட்டி வைத்த பொருளும் இல்லை. 2018-ல் டாடா நெக்ஸான் குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. 2023-ல் நம் நாட்டுக்கென்றே பாரத் என்கேப் வந்தது. 2024-ல் மாருதி டிசையர், ஏழு லட்சத்துக்குள் விலை ஆரம்பித்த செடான், ஐந்து நட்சத்திரம் வாங்கியது. தானாக நிற்கும் பிரேக்கும் மெல்ல மெல்ல நடுத்தர வண்டிகளுக்கு இறங்கி வருகிறது. நண்பன் கட்டப்போகும் 21 லட்சம் வட்டியிலேயே நல்ல வண்டி ஒன்று வாங்கி, மிச்சத்தைப் பிள்ளையின் காலேஜுக்கு வைக்கலாம்.

இதைச் சொன்னதும் அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான். "எனக்குத் தெரியாதா மாப்ள? ஊருக்குப் போனா என்னை யாரு மதிக்கிறான்? இருபது வருஷமா வெளியூர்ல இருக்கேன். வீடு இங்க வாங்கினேன், அது அவங்க கண்ணுக்குத் தெரியாது. வேலை என்னன்னு சொன்னா புரியாது. கார் ஒண்ணுதான் ஊருக்குள்ள போகுது."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஏனென்றால் இது அவன் மட்டும் சொல்வது இல்லை. வெளியூரில் பிழைக்கிற நம் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. துபாயில் இருப்பவர் தங்கத்தில் காட்டுவார், சிங்கப்பூரில் இருப்பவர் மச்சு வீட்டில் காட்டுவார், பெங்களூர்க்காரர் காரில் காட்டுவார். வருடத்தில் நாலு நாள் தேரோடும் வீதியில் நிற்பதற்காக, மீதி 361 நாள் ஈ.எம்.ஐ கட்டுகிறோம். ஊர் அந்த நாலு நாளும் காரைத்தான் பார்க்கிறது, நம்மைப் பார்ப்பதில்லை. அடுத்த வருடம் இன்னொருவன் இன்னும் பெரியதாகக் கொண்டு வருவான்.

அப்பாவின் ஃபியட்டைத் தெருவே தெரிந்து வைத்திருந்ததற்குக் காரணம் அதன் விலை இல்லை. பிரசவத்துக்கும், பாம்புக்கடிக்கும், பரீட்சைக்கும் அது போனது. ராத்திரி இரண்டு மணிக்கு வாசல் கதவைத் தட்டினால் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வருவார். மதிப்பு அப்படி வந்தது.

*

சரி, ஃபியட்டை என்ன செய்வது?

"நீயே கொண்டு போய் வச்சுக்கண்ணே" என்றான் தம்பி. ஆசைதான். ஆனால் நான் மாற்றல் உத்தியோகக்காரன். அடுத்த வருடம் எந்த ஊரோ. இந்த மாற்றலுக்காகவே 2021-ல் வந்த பி.எச். வரிசை நம்பர்தான் என் சின்ன காரில் இருக்கிறது. ஒரு மாநில வண்டியை இன்னொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு, வரி என்று போகும். எல்லாவற்றுக்கும் மேல், வாடகை வீட்டுக்காரனுக்கு வண்டி நிறுத்தச் சொந்த ஷெட் ஏது?

விதிகளைப் பார்த்தேன். சாதாரணமாகப் பதிவைப் புதுப்பிக்கலாம். 20 வருடம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் அந்தக் கட்டணத்தை 10,000 ரூபாயாக உயர்த்தினார்கள். இன்னொரு வழி, 2021-ல் வந்த வின்டேஜ் வாகன விதி. 50 வருடம் தாண்டி, பெரிய மாற்றம் செய்யாமல் அசலாக இருக்கிற வண்டிக்கு 'வி.ஏ' என்று தனி வரிசை நம்பர் தருவார்கள். கட்டணம் 20,000. பதிவு பத்து வருடம். ஆனால் கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல், பழுது வேலை என்று சிலவற்றுக்கு மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம். தினசரி ஓட்டக்கூடாது.

முதலில் இது அநியாயமாகப் பட்டது. அம்மாவின் நெற்றியை நினைத்ததும் நியாயமாகப் பட்டது.

முடிவெடுக்கும் முன் அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அம்மா சொன்னாள். "விக்காதீங்கடா. அது உங்கப்பா. ஆனா பிள்ளைங்களை அதுல முன்னாடி உக்கார வைக்காதீங்க."

இத்தனை பக்கம் நான் எழுதியதை அம்மா இரண்டு வரியில் முடித்துவிட்டாள்.

மூன்றரை லட்ச ரூபாய் ரிப்பேர் வேண்டாம் என்று முடிவு செய்தோம். துருவை மட்டும் நிறுத்துவது, பிரேக்கையும் இன்ஜினையும் சரியாக வைப்பது, வி.ஏ நம்பருக்கு விண்ணப்பிப்பது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிடுவான். ஆயுத பூஜைக்கு ஷெட்டுக்குள்ளேயே பொட்டும் பூவும். ஊருக்குப் போக வர, நாலு பெல்ட்டும் வேலை செய்கிற என் சின்ன வண்டி போதும்.

எங்கள் பேங்க் கணக்கில் ஒரு வழக்கம் உண்டு. முழுக்கத் தேய்ந்துபோன பழைய மேஜை, இரும்புப் பெட்டி எல்லாவற்றையும் பூஜ்யம் என்று எழுத மாட்டோம். ஒரு ரூபாய் என்று எழுதி வைப்போம். பூஜ்யம் என்று எழுதினால் அது புத்தகத்திலிருந்தே மறைந்துவிடும். ஒரு ரூபாய் இருந்தால், இப்படி ஒரு பொருள் நம்மிடம் இருக்கிறது, யாராவது வருடத்துக்கு ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

இரும்புக்காரருக்குத் தம்பி பதில் சொல்லிவிட்டான். ஃபியட் எங்கள் புத்தகத்தில் ஒரு ரூபாயில் இருக்கிறது.

டிஸ்கி: மேலே இருப்பதெல்லாம் என் சொந்தக் கருத்து, எங்கள் பேங்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கார் லோன் வேண்டும் என்றால் திங்கட்கிழமை பிராஞ்சுக்கு வாங்க, அங்கே கொஞ்சம் வேறு மாதிரி பேசுவேன். ஆனால் பின் சீட்டு பெல்ட்டைப் பற்றி மட்டும் அங்கேயும் இதையேதான் சொல்வேன்.